அறுபது எழுத்துக்குள்

நான் எழுதிய விதிகளிலேயே மோசமானது ஒரே ஒரு வரி. கமிட் செய்தி அறுபது எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்பது அது. அந்த ஒரு வரியால் என் தோழிக்கு வேலை போக இருந்தது. இத்தனை வருஷம் கழித்தும் அதை நினைத்தால் எனக்கு முகம் சுடுகிறது.

கமிட் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒரு மென்பொருளைப் பத்துப் பேர் சேர்ந்து எழுதும்போது எல்லோருடைய வேலையும் ஒரே இடத்தில் போய்ச் சேர வேண்டும். அன்றைக்கு எழுதியதை அங்கே கொண்டுபோய் வைப்பதுதான் கமிட். வைக்கும்போது என்ன மாற்றினோம் என்று நாலு வார்த்தை எழுத வேண்டும். அது உடனே மின்னஞ்சலாக எல்லோருக்கும் போகும். லாக் என்ற பட்டியலிலும் ஏறிக்கொள்ளும். பெரிய மாற்றமாக இருந்தால், மற்றவர்கள் வேலை கெடாமல் இருக்கத் தனியாக ஒரு கிளை பிரித்துக்கொள்வோம். அதற்குப் பிராஞ்ச் என்று பெயர். ஒவ்வொரு பிராஞ்சுக்கும் ஒரு பெயர் வைத்தாக வேண்டும். எங்கள் தகராறெல்லாம் இந்த நாலு வார்த்தையிலும் அந்தப் பெயரிலும்தான் ஆரம்பித்தது.

இரண்டாயிரத்துகளின் தொடக்கம். கல்கத்தாவின் சால்ட் லேக் ஐந்தாம் செக்டரில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் எங்கள் அலுவலகம். மொத்தம் பன்னிரண்டு பேர். வெளிநாட்டில் ஒரு மருந்துக் கிடங்குக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தோம். எந்த அலமாரியில் எந்த மருந்து, எது எப்போது காலாவதி, எந்த லாரியில் எதை ஏற்ற வேண்டும் என்று சொல்லும் மென்பொருள். பன்னிரண்டு பேரில் தமிழ் பேசுகிறவர்கள் நானும் அவளும் மட்டும். மற்றவர்கள் எல்லோரும் வங்காளிகள்.

அதனால் பிராஞ்சுகளுக்கெல்லாம் மீன் பெயர். யார் ஆரம்பித்தார்களோ தெரியாது, நான் சேர்ந்தபோதே அந்த வழக்கம் இருந்தது. பெரிய வெளியீடு என்றால் ருயி அல்லது காத்லா. இரண்டு மணி நேரத்தில் முடிகிற சின்னத் திருத்தம் என்றால் புட்டி. மழைக்காலத்தில் வெளியிடுவது கட்டாயம் இலிஷ். சரிசெய்யச் சரிசெய்யத் திரும்பி வருகிற பிழைக்குக் கொய் என்று பெயர், ஏனென்றால் அந்த மீன் தண்ணீரைவிட்டு எடுத்தாலும் லேசில் சாகாது. எந்த வேலைக்கு எந்த மீன் என்று முடிவு செய்கிறவர் எங்கள் டெஸ்டிங் தாதா. வங்காளத்தில் தாதா என்றால் அண்ணன். மென்பொருளைச் சோதித்துப் பிழை கண்டுபிடிக்கிற வேலையில் இருந்தார், ஐம்பதை நெருங்கிய மனிதர், ஆபீசில் எல்லோருக்கும் அண்ணன். யாராவது புதிதாகப் பிராஞ்ச் பிரித்தால் நாற்காலியைத் திருப்பி, வேலை எவ்வளவு பெரியது என்று விசாரித்து, கண்ணை மூடி யோசித்து ஒரு மீனைச் சொல்வார். எங்கள் வீட்டில் மீன் நுழைந்ததே இல்லை. வங்காளத்து மீன்களை நான் தெரிந்துகொண்டது அந்தப் பட்டியலில்தான்.

கமிட் செய்திகள் இன்னும் மோசம். பாதி ஆங்கிலம், பாதி ஆங்கில எழுத்தில் எழுதிய வங்காளம். தாதா சேர்ப்பது ஒரு சின்னச் சோதனைக் கோப்பாக இருக்கும், அதற்கு எழுதுவது அரைப் பக்கம். "பேக்கிங் சீட்டின் தேதியைத் தொட வேண்டாம். கிளையண்ட் போனில் மனம் மாறிவிட்டார் என்று கீழே டீக்கடையில் பேசிக்கொண்டோம். எலுமிச்சை டீயில் இன்று கறுப்பு உப்பு கொஞ்சம் தூக்கல். வானம் இருட்டுகிறது, குடை இல்லாதவர்கள் சீக்கிரம் கிளம்பவும்." இப்படிப் போகும். அவரைப் பார்த்து மற்றவர்களும் அப்படியே எழுதினார்கள்.

எனக்கு இதெல்லாம் பொறுக்காது. நான் வளர்ந்தது கல்கத்தாவை ஒட்டிய சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில். அப்பாவுக்கு யார்டில் வேலை. ஜன்னலைத் திறந்தால் சரக்குப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் வெள்ளை எழுத்தில் எண். எந்தப் பெட்டிக்கும் அங்கே செல்லப்பெயர் கிடையாது. எண் போட்டு வரிசையில் நிறுத்திவிட்டால் உலகம் ஒழுங்காக நடக்கும் என்ற எண்ணம் எனக்குச் சின்ன வயதிலேயே ஒட்டிக்கொண்டது. இன்னும் அது முழுதாகப் போகவில்லை.

அந்தச் சமயத்தில் தரச் சான்றிதழ் தருவதற்காக ஒரு தணிக்கையாளர் வருவதாக இருந்தது. மேலாளர் என்னைக் கூப்பிட்டு லாகை ஒழுங்கு செய்யச் சொன்னார். கரும்பு தின்னக் கூலியா? ஒரே வாரத்தில் செய்து முடித்தேன். பிராஞ்சுக்கு இனி மீன் கிடையாது, வெளியீட்டு எண்ணும் வேலை எண்ணும் மட்டும். கமிட் செய்தியில் முதலில் வேலை எண், பிறகு என்ன செய்தோம் என்பது, எல்லாம் அறுபது எழுத்துக்குள். இதைச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று ஒரு ஸ்கிரிப்ட், அதாவது தானாக ஓடும் சின்ன நிரல் ஒன்று, எழுதி கமிட்டுகள் நுழைகிற வாசலில் நிறுத்தினேன். ஒவ்வொரு செய்தியையும் அது அளந்து பார்க்கும். நீளமாக இருந்தால் கமிட்டையே திருப்பி அனுப்பிவிடும். திருப்பி அனுப்பும்போது திரையில் ஒரு வாசகம் வரும். "இது கதை சொல்லும் இடமல்ல. அறுபது எழுத்துக்குள் எழுதவும்." அந்த வாசகத்தை எழுதிவிட்டு நானே சிரித்துக்கொண்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

தாதா மட்டும் என் மேஜைக்கு வந்தார். டீ குடித்த மண் குவளையைக் கையில் உருட்டிக்கொண்டே, "கொஞ்சம் இடம் விடக்கூடாதா? மனுஷங்க பேசிக்கறது எங்கேயாவது இருக்க வேண்டாமா?" என்று வங்காளத்தில் கேட்டார். பேசுவதற்கு டீக்கடை இருக்கிறதே தாதா என்றேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்து, பேசாமல் திரும்பிப் போனார். தணிக்கையாளர் வந்து லாகைப் பார்த்து என்னைப் பாராட்டினார். நான் இரண்டு நாள் தரையில் நடக்கவில்லை.

இனி அவளைப் பற்றி. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வயது. அவள் அப்பா திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், லேக் மார்க்கெட் அருகே மளிகைக் கடை வைத்திருந்தார். இட்லி அரிசியும் கறிவேப்பிலையும் அப்பளமும் தேடி வருகிற தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் அந்தக் கடைக்குத்தான் வரும். அவள் பிறந்தது வளர்ந்தது எல்லாம் கல்கத்தா. திருநெல்வேலியை நாலு தடவைதான் பார்த்திருக்கிறாள். ஆனாலும் தமிழில் வாயைத் திறந்தால் அந்த ஊர்ப் பேச்சுதான். நான் டாக்குரியாவில் குடியிருந்தேன். எனக்கு முன்னாலேயே அவள் பஸ்ஸில் ஏறி எனக்கு இடம் பிடித்து வைத்திருப்பாள்.

அதிலும் ஒரு பிடிவாதம் உண்டு. எப்போதும் டிரைவர் பக்கத்து ஜன்னலோரம்தான் உட்காருவாள். காலையில் பைபாஸில் வடக்கே போகும்போது கிழக்கு வெயில் அந்தப் பக்கம் அடிக்கும். சாயங்காலம் தெற்கே திரும்பும்போது மேற்கு வெயிலும் அதே பக்கம். இரண்டு வேளையும் வெயில் அவள் முகத்தில். எதிர்ப்பக்கம் நிழலாகக் காலி இடம் கிடந்தாலும் வரமாட்டாள். "சூரியனுக்கும் உனக்கும் என்ன சொந்தம்?" என்று தினமும் முனகுவேன். "இருக்கட்டும்ளா, உக்காரு" என்பாள்.

வேலையில் அவளைப் போல ஒருத்தி கிடையாது. அவள் எழுதினால் தாதாவுக்கே பிழை கிடைக்காது. ஆனால் டீக்கு எங்களோடு இறங்கி வரமாட்டாள், தலைவலி என்பாள். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். திமிர் பிடித்தவள் என்று சிலர் சொன்னார்கள். வேலையில் மூழ்கிவிடுகிறாள் என்று நான் பரிந்து பேசினேன். இரண்டுமே தப்பு.

விதி வந்து ஆறு வாரத்தில் அவள் நாலு தவறு செய்தாள். பேக்கிங் சீட்டின் வடிவத்தை மாற்ற வேண்டாம் என்று கிளையண்ட் போனில் சொன்ன பிறகும் மாற்றி அனுப்பிவிட்டாள். காலாவதிக் கணக்கைக் கைவிடுவதாகக் கூட்டத்தில் முடிவு செய்த பிறகு, மூன்று நாள் உட்கார்ந்து அதை எழுதி முடித்தாள். மற்ற இரண்டும் இதே மாதிரிதான். கூட்டம் என்றால் மேஜை நடுவே ஸ்பீக்கர் போனை வைத்துக்கொண்டு எல்லோரும் சுற்றி உட்காருவோம். அவளும் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டுதான் இருந்தாள்.

மேலாளர் என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மாதக் கடைசியில் ஒருவரைக் குறைக்கும்படி மேலிடத்தில் சொல்கிறார்களாம். "உன் தோழிதான், தெரியும். ஆனால் கவனமில்லை. கூட்டத்தில் தலையாட்டுகிறாள், வெளியே போய் அதற்கு நேர்மாறாகச் செய்கிறாள். அவள் தவறுகளைத் தேதி போட்டு ஒரு பக்கம் எழுதிக் கொடு. லாக் இப்போது ஒழுங்காக இருக்கிறதே, உனக்குச் சுலபம்" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

அன்றைக்குப் பஸ்ஸில் அவளிடம் கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன், எனக்கு வேறு மாதிரி கேட்கத் தெரியாது.

"உனக்கு என்னதான் ஆச்சு? கூட்டத்துல உக்காந்துக்கிட்டு எங்கே யோசனை போகுது? மேல பேசிக்கறாங்க, தெரியுமா?"

அவள் பைபாஸ் ஓரத்து ஏரிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"தெரியும். இந்த வேல போச்சுன்னா அப்பா கடையில போயி உக்காரணும். அங்க நாள் பூரா ஆளுக வந்து கேட்டுக்கிட்டே இருப்பாக, அதக் கொடு இதக் கொடுன்னு. என்னால முடியாதுட்டி."

கடையில் உட்காருவதில் என்ன கஷ்டம் என்று எனக்கு அப்போது புரியவில்லை. படித்த பெண்ணுக்குக் கௌரவக் குறைச்சல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் மதியம் எல்லோரும் டீக்கு இறங்கிப் போனார்கள். மேலாளர் கேட்ட பக்கத்தை எழுத உட்கார்ந்தேன். எனக்கு நாலு மேஜை முன்னால் அவள் மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தாள். லாகில் தேதிகளைக் குறித்துக்கொண்டு வந்தபோதுதான் அந்தக் கோப்பு ஞாபகம் வந்தது. ஸ்கிரிப்ட் திருப்பி அனுப்புகிற செய்திகளையெல்லாம் ஒரு கோப்பில் போட்டுவைக்கும்படி நானே எழுதியிருந்தேன். யார் விதியை அதிகம் மீறுகிறார்கள் என்று பிறகு பார்த்துக் கேலி செய்யலாம் என்று வைத்தது. அதுவரை திறந்து பார்க்கவில்லை.

திறந்தேன். பெரும்பாலும் இரண்டே பேருடைய செய்திகள். ஒன்று தாதாவுடையது, அதில் ஆச்சரியம் இல்லை. இன்னொன்று அவளுடையது.

"பேக்கிங் சீட்டை மாற்றத் தொடங்குகிறேன். நேற்று போனில் இதைப் பற்றி ஏதாவது முடிவானதா? யாராவது இங்கே எழுதுங்கள்." திருப்பி அனுப்பப்பட்டது. "சீட்டு மாற்றம் பாதி முடிந்தது. இன்று டீக்கடையில் பேசியதில் எனக்குத் தெரிய வேண்டியது ஏதாவது உண்டா?" திருப்பி அனுப்பப்பட்டது. "காலாவதிக் கணக்கு தொடங்கியாயிற்று. கூட்டத்தில் இது பற்றிச் சொன்னதைத் தயவுசெய்து ஒருமுறை எழுத முடியுமா?" திருப்பி அனுப்பப்பட்டது. நாற்பதுக்கு மேல் இருந்தன. கடைசியில் அலுத்துப்போய் எண்ணையும் இரண்டு வார்த்தையையும் எழுதி உள்ளே அனுப்பியிருந்தாள். ஒவ்வொரு தடவையும் அவள் திரையில் என் வாசகம் வந்திருக்கும், இது கதை சொல்லும் இடமல்ல என்று.

கூட்டத்தில் எதிரே உட்கார்ந்திருந்தவள் அங்கே என்ன பேசினோம் என்று ஏன் கேட்கிறாள்? நிமிர்ந்து அவள் முதுகைப் பார்த்தேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டேன். அறையில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. மூன்றாவது தடவை ஏறக்குறையக் கத்தினேன். அவள் அமைதியாகத் தட்டச்சு செய்துகொண்டே இருந்தாள். பஸ்ஸில் இரண்டு வேளையும் அவள் முகத்தில் அடிக்கிற வெயிலின் அர்த்தம் அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்தது. அந்த ஜன்னலோரம் உட்கார்ந்தால்தான் நான் அவளுக்கு இடது பக்கம் இருப்பேன்.

சனிக்கிழமை அவளை டாக்குரியா ஏரிக்கரைக்கு வரச் சொன்னேன். பெஞ்சில் அவளுக்கு எதிரே திரும்பி உட்கார்ந்துகொண்டு, கோப்பைப் படித்துவிட்டதாகச் சொன்னேன். துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். பள்ளிக்கூடம் முடிக்கிற வருஷம் ஒரு பெரிய காய்ச்சல் வந்திருக்கிறது. அதற்கப்புறம் வலது காது சுத்தமாகக் கேட்கவில்லை. இடது காதும் வரவரக் குறைகிறது. ஆள் வாயைப் பார்த்தால் புரிந்துகொள்வாள்.

"நீ பேசுதது எப்படியும் புரிஞ்சிரும். தமிழ் வாயி பொறந்ததுலருந்து பாத்த வாயில்லா. இவங்க வாயில சிகரெட்ட வச்சுக்கிட்டு, கம்ப்யூட்டரப் பாத்துக்கிட்டு பேசுதாங்க. போனுக்கு வாயே கெடையாது."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா எல்லாரும் சத்தம்போட்டுப் பேசுவாங்க. பெறவு பாவம்பாங்க. பெறவு கூட்டத்துக்கே கூப்பிட மாட்டாங்க. ரெண்டு வருசமா எனக்கு ஒண்ணுமே கொறையில்லளா. அந்த லாக்ல எல்லாரும் என் முகத்தப் பாத்துப் பேசுத மாதிரி இருந்துச்சு. டீக்கடையில என்ன பேசுனாங்க, யாரு யாரக் கிண்டல் பண்ணுனாங்க, மழ வருமா, எல்லாம் தெரிஞ்சுது. நானும் அங்க நின்ன மாதிரிதான். பெறவு ஒரு நாள் எல்லாரும் பேச்ச நிப்பாட்டிட்டாங்க."

நான்தான் நிப்பாட்டினேன் என்று அவள் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஏரிக்கரையில் நடை பயின்றுகொண்டிருந்த நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி அழுதேன். அவள்தான் என்னைத் தட்டிக்கொடுத்து, கடலை வாங்கித் தந்தாள். ஆபீசில் யாருக்கும் தெரியாது, யாருக்கும் சொல்லிவிடாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலையில் அந்தக் கோப்பை மறுபடி திறந்து, இந்தத் தடவை தாதாவின் செய்திகளைப் படித்தேன். அரைப் பக்கத்தை அறுபது எழுத்தில் அடக்கப் பாவம் அவர் பட்ட பாடு அதில் தெரிந்தது. "போன்: சீட்டு மாற்ற வேண்டாம். கூட்டம்: கணக்கு கைவிடப்பட்டது. டீக்கடை:" என்று ஆரம்பித்து அறுபதைத் தாண்டித் திரும்பியிருந்தது. நாலு தவறுக்கும் நாலு எச்சரிக்கை அங்கே கிடந்தது. பார்க்கப் பார்க்க எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அவரைத் தனியாகக் கூட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய், இதையெல்லாம் யாருக்காக எழுதினீர்கள் என்று கேட்டேன்.

தாதா சிரித்தார். "ரெண்டு வருஷமா அவளுக்கு வலது பக்கத்து நாற்காலி என்னோடது. என் கையிலேருந்து ஸ்டேப்லர் விழுந்தப்போ ஆபீசே திரும்பிப் பார்த்தது, அவ திரும்பல. அன்னிக்குத் தெரிஞ்சுது. கீழே பேசினதை எழுதிப்போட்டா அவளும் வந்து ஒரு டீ குடிச்சமாதிரி ஆகுமேன்னு எழுதினேன்."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"சொல்லத்தான் வந்தேன். நீ கேக்கற மாதிரி இல்லை." அதைக் கோபமில்லாமல் சொன்னார். "அவ யாருக்கும் சொல்லலைன்னா அது அவ விஷயம். எனக்குத் தெரியும்ங்கறது அவளுக்குத் தெரிய வேண்டாம். நீயும் சொல்லாதே."

ஒரே வாரத்தில் இரண்டு பேருக்குச் சத்தியம் செய்தாயிற்று. இரண்டையும் உடைக்காமல் மேலாளரை மாற்ற வேண்டும். அவர் கேட்ட பக்கத்தை எழுதி எடுத்துக்கொண்டு போனேன். அவள் செய்த நாலு தவறுக்கும் தேதி போட்டிருந்தேன். மேலே என் விதி நடைமுறைக்கு வந்த தேதி. அதற்கும் மேலே, அதற்கு முந்தைய இரண்டு வருஷத்தில் அவள் செய்த தவறுகள் என்று எழுதி, பக்கத்தில் ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தேன்.

"இவள் எழுதி வைத்ததைப் படித்து வேலை செய்கிறவள். மற்றவர்கள் எழுதுவதை நான் நிறுத்திவிட்டேன். தவறு விதியுடையது, அதாவது என்னுடையது" என்றேன். நம்பாதவர் போலப் பார்த்தார். அதனால் யாருக்கும் சொல்லாமல் மறைத்து வைத்திருந்த என் தவறையும் சொன்னேன். மீன்களை ஒழித்துவிட்டு எண் வைத்த பிறகு, நானே ஒரு திருத்தத்தை வேறு பிராஞ்சில் கொண்டுபோய்ப் போட்டு, யாரும் பார்ப்பதற்குள் சத்தமில்லாமல் எடுத்திருந்தேன். எண்கள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. கொய்யையும் காத்லாவையும் யாரும் மாற்றிப் போட்டதில்லை.

மேலாளர் பேனாவால் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார். "ஒரு மாதம் தள்ளி வைக்கிறேன். ஆனால் இன்னும் ஒரே ஒரு தவறு வந்தாலும் என்னால் ஒன்றும் செய்ய முடியாது" என்றார்.

அன்று மதியமே புது விதி எழுதினேன். முதல் வரி முன்போலவே, எண்ணும் அறுபது எழுத்தும். அதற்குக் கீழே ஒரு வரி இடம் விட்டு, எவ்வளவு நீளமானாலும் சரி, இரண்டு விஷயம் கட்டாயம் எழுத வேண்டும்: ஏன் இந்த மாற்றம், யார் எங்கே பேசி முடிவு செய்தார்கள். போனில் பேசியது, கூட்டத்தில் பேசியது, டீக்கடையில் பேசியது எல்லாம் வர வேண்டும். பிராஞ்சுக்கு எண்ணுக்குப் பின்னால் ஒரு மீனும் வைத்துக்கொள்ளலாம். ஸ்கிரிப்டைத் திருத்தி, கதை சொல்லும் இடமல்ல என்ற வாசகத்தை அழித்தேன். புது ஸ்கிரிப்டை வாசலில் நிறுத்திவிட்டு, அந்தத் திருத்தத்தையே கமிட் செய்யப் போனேன். "விதி மாற்றம்" என்று இரண்டு வார்த்தை எழுதினேன்.

திருப்பி அனுப்பிவிட்டது. ஏன் என்று எழுதவில்லையாம்.

என் ஸ்கிரிப்ட்டிடமே மூக்கறுபட்டேன். பிறகு கீழே எழுதினேன். "காரணம்: பழைய விதியை யாரையும் கேட்காமல் நான் எழுதினேன். அது வந்த பிறகு நாம் பேசிக்கொள்வது எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை. போய்ச் சேராதவர்கள் கேட்டபோது அவர்களையும் திருப்பி அனுப்பினேன். மன்னிப்புக் கேட்கிறேன். முடிவு செய்தது: நான், டாக்குரியா ஏரிக்கரையில்." பன்னிரண்டு பேருக்கும் மின்னஞ்சல் போயிற்று. தாதா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

பத்து நிமிஷத்தில் அடுத்த கமிட் வந்தது. அவளுடையது. ஒரு கோப்பில் தேவையில்லாத ஒரு காலி வரியை எடுத்திருந்தாள், அவ்வளவுதான் மாற்றம். கீழே, ஆங்கில எழுத்தில், அந்த ஆபீசில் எங்கள் இரண்டு பேருக்கு மட்டுமே புரிகிற தமிழில் எழுதியிருந்தாள். "கேட்டுச்சுட்டி. நல்லாவே கேட்டுச்சு." நாலு மேஜைக்கு முன்னால் அவள் முதுகு அசையாமல் இருந்தது. நான் பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

அந்த ஒரு மாதமும் ஒவ்வொரு ஸ்பீக்கர் போன் கூட்டம் முடிந்ததும் லாகையே பார்த்துக்கொண்டிருப்பேன். முதலில் முணுமுணுத்தார்கள், டீ குடித்ததையுமா எழுத வேண்டும் என்று. எழுதுங்கள் என்றேன். பிறகு விட்ட இடத்திலிருந்து அரட்டை தொடர்ந்தது. தாதா பழைய கடனையெல்லாம் தீர்க்கிறவர் போல ஒரு நாளைக்கு முக்கால் பக்கம் எழுதினார். மூன்றாவது வாரம் கிளையண்ட் போனில் மறுபடி மனம் மாறினார், லாரிப் பட்டியலைத் தொட வேண்டாம் என்று. அவள் அதில் பாதி எழுதி முடித்திருந்தாள். அரை மணி நேரத்தில் மூன்று பேருடைய கமிட்டில் அந்தச் செய்தி வந்தது. அவள் எல்லாவற்றையும் திரும்ப எடுத்துவிட்டு, "புட்டி தண்ணீருக்குள் விடப்பட்டது" என்று எழுதினாள்.

மாதக் கடைசியில் மேலாளர் என் மேஜை வழியாகப் போகும்போது நிற்காமலேயே, "அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன்" என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸில் அவள் டிரைவர் பக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மேற்கு வெயில் வழக்கம்போல அவள் முகத்தில் அடித்தது. நான் முனகவில்லை. அவள் இடது பக்கம் உட்கார்ந்து, என் துப்பட்டாவை எடுத்து ஜன்னல் கம்பியில் கட்டினேன். அவள் சந்தோஷமாக இருந்தாள். அன்றைக்கு வந்த கமிட்டுகளையெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தாள்.

"தாதா எழுதுதாரே, பாத்தியா? டீக்கு எவ்வளவு உப்பு, யாரு கொட மறந்தா, எல்லாம் ஒண்ணு விடாம. அவருக்கு வேற வேலயே கெடையாதாட்டி?"

முகத்தை முழுவதும் அவள் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"கிடையாது போல" என்றேன்.